சிலேட்டில் ஏழரை

அந்தப் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிற ஓரகத்திகள் இருவரில் மூத்தவளுக்கு ஊறலக்கா என்று பெயர். வைத்தவர் பின் அறையில் உட்கார்ந்து பல்செட்டு செய்கிறவர். கருவிகளை மருந்துத் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். "ஊறல் எப்படிக்கா, நல்லா ஏறியிருக்கா?" என்று சாராயம் காய்ச்சுகிறவளைக் கேட்பதுபோல அவர் கேட்பார். "ஒரு டம்ளர் தரேன். குடிச்சுப் பார்த்துட்டு, உசுரு இருந்தா சொல்லுங்க" என்பாள் அவள். பதினோரு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

இரும்புக் கருவிகளை ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சாமான்கள்தான் பெரிய இடத்துப் பிள்ளைகள், சூடு தாங்காது. வாயைத் திறந்து கன்னத்தை விலக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையம் ஒன்று உண்டு. அங்கே எல்லோரும் அதைக் கன்னப்பிடி என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்தவள் அதை நீராவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள், வெளியே எடுத்தபோது அது செருப்படி வாங்கிய கரப்பான் பூச்சி மாதிரி கிடந்தது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் எல்லாம் தொட்டிக்குத்தான்.

தொட்டிக்குச் சட்டதிட்டம் உண்டு. கருவியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரம் போகத் துடைக்க வேண்டும், ஈரத்தோடு போட்டால் மருந்து நீர்த்துப்போகும். முழுக்க மூழ்க வேண்டும், மூடி போட வேண்டும். பிறகு பத்து மணி நேரம் யாரும் கை வைக்கக் கூடாது. நடுவில் வேறு ஏதாவது ஒன்று உள்ளே விழுந்துவிட்டால் அதுவரை ஊறியதெல்லாம் வீண். ஒன்பதே முக்கால் மணி நேரம் ஊறியிருந்தாலும் சரி, கணக்கு முதலிலிருந்துதான். தொட்டி வைத்த அறையின் கதவுக்கு வெளியே ஒரு சிலேட்டு தொங்கும். எத்தனை மணிக்கு ஊறப்போட்டது என்று அதில் சாக்பீஸால் எழுதுவது மூத்தவளின் ஏகபோக உரிமை. டாக்டரம்மாகூட அதைத் தொட்டதில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், தன் கையாலேயே தனக்கு வினையைத் தேடிக்கொண்டவள் அவள்தான். கொழுந்தன் மனைவி வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று டாக்டரம்மாவிடம் சிபாரிசு செய்து, நாலு மாதத்துக்கு முன்னால் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டாள். ஓரகத்திக்கு நல்லது செய்த மாதிரியும் ஆச்சு, கழுவித் துடைக்க ஓர் ஆள் கிடைத்த மாதிரியும் ஆச்சு என்று கணக்குப் போட்டிருந்தாள். முதல் நாளே கறாராகச் சொல்லியும் வைத்தாள்.

"இங்க பாரு. எதை வேணா தொடு. என் சிலேட்டை மட்டும் தொடாத."

"சரிக்கா" என்றாள் சின்னவள். எது சொன்னாலும் அவளுக்கு "சரிக்கா"தான். அதுவே மூத்தவளுக்கு எரிச்சலாக இருக்கும். எதிர்த்துப் பேசினாலாவது ஒரு சண்டை போடலாம்.

சேர்ந்த இரண்டாவது வாரம் மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் லீவு. தொட்டியில் எதைப் போட்டோம், எப்போது எடுத்தோம், மருந்து கலந்த தேதி என்ன என்றெல்லாம் குறிக்கிற பதிவேட்டை அந்த இரண்டு நாளும் சின்னவள் எழுதினாள். மூன்றாம் நாள் மூத்தவள் வந்தபோது டாக்டரம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க ஓரகத்தி எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா இருக்கு! இனிமே அவங்களே எழுதட்டும். நீங்க எழுதினதை நீங்களே வந்து படிச்சுக் காட்ட வேண்டியிருக்கு."

டாக்டரம்மா சிரித்தார். பல்செட்டுக்காரரும் சிரித்தார். மூத்தவளும் சிரித்துவைத்தாள். ஆனால் வயிற்றில் தீ பற்றிக்கொண்டது அப்போதுதான். தன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பது அவளுக்கே தெரியும். அதை இன்னொருத்தியின் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்றுதான் அவள் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் அந்தப் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. திறந்தால் அந்த முத்துகள் கண்ணில் குத்தும். தனக்கு எல்லாம் தலைக்குள் இருக்கிறது, சிலேட்டில் இருக்கிறது, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

பற்றிய தீ அதோடு அணையவில்லை. வீட்டில் புருஷன், "சின்னவ கைப்பக்குவமே தனி" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். மாமியாருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடச் சின்னவள்தான் வேண்டும். கிளினிக்கில் நோயாளிகள், "அந்தப் பொண்ணு இல்லையா?" என்று கேட்டார்கள். பதினோரு வருஷமாக வருகிறவர்களுக்கு நாலு மாதத்தில் அந்தப் பொண்ணு! கேட்டால், 'எனக்கென்ன பொறாமை, தொழில் சுத்தமா இருக்கணும்னுதான் பார்க்கிறேன்' என்று மூத்தவள் சொல்லுவாள். நம்ப வேண்டாம். பொறாமைதான். அசல், கலப்படமில்லாதது, அவள் தொட்டி மருந்தைவிட நெடி அடிப்பது.

இந்த நிலையில்தான் டாக்டரம்மா அந்த அறிவிப்பைச் செய்தார். அடுத்த மாதம் இரண்டாவது சிகிச்சை நாற்காலி வருகிறது. கருவி அறைக்கு இனி பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும். சாவி அவரிடம், கையெழுத்து அவருடையது, ஏதாவது தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்.

"வெள்ளிக்கிழமை சொல்றேன், யாருன்னு" என்றார் டாக்டரம்மா.

'இதில் சொல்ல என்ன இருக்கிறது? பதினோரு வருஷம் நின்றவள் நானில்லையா? வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றாலே என்ன அர்த்தம்?' மூத்தவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் ஒரு முக்கியமான சிகிச்சை இருந்தது. நோயாளி வேறு யாருமில்லை, ஓரகத்திகள் இருவரும் தினமும் வருகிற பேருந்தின் கண்டக்டர். பேருந்தில் அவர் குரல் கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பும். பல் டாக்டர் என்றால் மட்டும் மனுஷனுக்குத் தொடை நடுங்கும். கடைவாய்ப் பல் ஒன்று குறுக்காக முளைத்துக் கன்னம் வீங்கி, இதற்கு முன்னால் இரண்டு தடவை வந்து, இரும்பு மினுக்கியதைப் பார்த்ததும் ஓடிப்போனவர். அதனால் அவருக்குப் பிளாஸ்டிக் கன்னப்பிடிதான் போடுவது என்று டாக்டரம்மா முடிவு செய்திருந்தார். காலை ஏழரைக்கு மூத்தவள் ஒரு ஜோடியை ஊறப்போட்டாள். சாயந்திரம் ஐந்தரைக்குப் பத்து மணி நேரம் முடியும். சிலேட்டில் 7.30 என்று எழுதினாள்.

அந்தப் பக்கம் போன பல்செட்டுக்காரர் நின்று பார்த்தார். "அக்கா, காலங்காத்தால ஏழரையை நீங்களே எழுதி மாட்டிட்டீங்களே! பார்த்து இருங்க."

"உங்க வாயைத்தான் முதல்ல ஊறப்போடணும்" என்றாள் மூத்தவள்.

மதியம் ஒரு மணி தாண்டி ஐந்து நிமிஷம். மூத்தவள் சாப்பாட்டுப் பையை எடுக்க நடைவழியில் வந்தவள், கருவி அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சின்னவள் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, மருந்தின் வீரியம் குறையாமல் இருக்கிறதா என்று சோதனைத் தாளை முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு மேலே கழுவியதைக் காயவைக்கிற தட்டு. காலையில் வேறொரு நோயாளிக்குப் போட்டுக் கழுவி வைத்த கன்னப்பிடி ஒன்று அதன் ஓரத்தில் இருந்தது. சின்னவளின் முழங்கை தட்டில் பட்டது. அது வழுக்கி, நேராகத் தொட்டிக்குள் விழுந்தது.

சின்னவள் அப்படியே நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு மூடியை மூடினாள்.

மூத்தவளின் நெஞ்சு திக்கென்றது. அடுத்த நொடியே அந்தத் திக் இனிக்க ஆரம்பித்தது. முழிக்கிற முழியைப் பார், திருட்டு முழி! சிலேட்டைப் பார்த்தாள். 7.30 அப்படியே இருந்தது. சின்னவள் வெளியே வந்து அதை மாற்றுவாளா என்று சுவரோரம் நின்று ஐந்து நிமிஷம் பார்த்தாள். சின்னவள் வந்தாள், சிலேட்டைக் கடந்து விறுவிறுவென்று போய்விட்டாள். தொடவில்லை.

'மாட்டினாயா, முத்து முத்தாக எழுதுகிறவளே!'

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? டாக்டரம்மா, "பரவாயில்ல, மறுபடி ஊறப்போடுங்க" என்பார். சின்னவள், "சரிக்கா" என்பாள். அத்தோடு முடிந்தது. அதுவே ஐந்தரைக்கு, கண்டக்டர் வாயைத் திறந்திருக்கிறபோது, டாக்டரம்மா கையை நீட்டுகிறபோது, எல்லோருக்கும் முன்னால் சொன்னால்? சாவி யாருக்கு என்று வெள்ளிக்கிழமை யோசிக்க வேண்டிய அவசியமே இருக்காது. தப்பான கருவியை அவர் வாய்க்குள் போக விடப் போகிறாளா என்ன? ஒரு நொடி முன்னால் நிறுத்திவிடுவாள். அவ்வளவுதானே. மனசை இப்படிச் சமாதானம் செய்துகொண்டாள். மூன்று நாளாக இறங்காத சோறு அன்று நன்றாக இறங்கியது.

சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்று மூத்தவளுக்குப் புரிந்துவிட்டது. ஒப்புக்கொண்டுவிட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது. "சாப்பிடுறப்ப என்ன பேச்சு?" என்று வெட்டினாள்.

"இல்லக்கா, அந்த..."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ சாப்பிடு." டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். கையுறை வாங்க வேண்டும் என்று ஒரு சாக்கு சொல்லிக் கடைவீதிக்குப் போனாள். கடையில் அரை மணி நேர வேலை. யாரும் எதுவும் சொல்லிவிட முடியாத இடத்தில் சுற்றிவிட்டு, ஐந்து இருபதுக்குத் திரும்பினாள்.

கண்டக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மரத்துப்போகிற ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மனுஷன் கண்ணை மட்டுமல்ல, கையையும் காலையும்கூட மூடிக்கொண்டவர் மாதிரி கிடந்தார். ஐந்தரை அடித்தது. வெள்ளைத் துணி மூடிய தட்டைச் சின்னவள் ஏந்திக்கொண்டு வந்தாள். பல்செட்டுக்காரர் அளவு பார்க்க ஏதோ ஒன்றோடு வாசலில் நின்றார். நல்ல கூட்டம்தான். டாக்டரம்மாவின் கை துணியின் ஓரத்தைத் தொட்டது.

"நிறுத்துங்க டாக்டர்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"அதை வாயில வைக்காதீங்க! ஒரு மணிக்கு அந்தத் தொட்டியில கழுவி வச்ச பழசு ஒண்ணு விழுந்துச்சு. இவதான் விட்டா. யாருக்கும் சொல்லாம மூடி வச்சுட்டா. பத்து மணி நேரம் ஆகல, நாலரை மணி நேரம்தான் ஆச்சு. சிலேட்டைப் போய்ப் பாருங்க, இன்னும் ஏழரைன்னே இருக்கு!"

நாலு மாதமாக ஊறியதெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. டாக்டரம்மா துணியை எடுத்தார். தட்டில் பிளாஸ்டிக் இல்லை. பளபளவென்று இரும்பு, பழைய இரும்புக் கன்னப்பிடி. அதன் பக்கத்தில், நீராவிப் பெட்டியில் வெந்ததற்கு அடையாளமாக நிறம் மாறிய தாள்.

கூச்சலில் கண்ணைத் திறந்த கண்டக்டர் அந்த இரும்பைப் பார்த்தார். "என்னழு விழுந்தழு?" என்று மரத்த வாயால் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்தார். பல்செட்டுக்காரர் விலகி வழிவிட்டார். மாடிப்படியில் தடதடவென்று சத்தம், பிறகு வாசல் கதவு அடித்துக்கொள்கிற சத்தம்.

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றினார். கோபத்தில் அவருக்குக் குரல் உயராது, தாழும். "விழுந்த உடனே இவங்க என்கிட்ட வந்து சொல்லிட்டாங்க. நான்தான் இரும்பை வேக வைக்கச் சொன்னேன். தெரியாம வச்சுடலாம், கண்ணை மூடிக்கிட்டு இருக்கட்டும்னு இருந்தேன். பதிவேட்டுல எழுதியிருக்கே, நீங்க பார்க்கலையா?"

பதிவேட்டைத் திறந்து அவரே படித்தார். "மதியம் 1.05. என் கை தட்டி ஒன்று தொட்டியில் விழுந்துவிட்டது. அக்கா சொல்லிக்கொடுத்தபடி கணக்கை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இரவு 11.05 வரை எடுக்கக் கூடாது."

"சிலேட்டு?" என்றாள் மூத்தவள்.

"சிலேட்டைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றாள் சின்னவள். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். "உங்ககிட்ட சொல்லி மாத்தச் சொல்லலாம்னுதான் சாப்பிடுறப்ப வந்தேன்."

டாக்டரம்மா பதிவேட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார். "ஒரு மணிக்கு விழுந்ததுன்னு சொன்னீங்களே. நீங்க எப்பப் பார்த்தீங்க?"

மூத்தவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "அக்கா இப்பத்தான் கடையிலேர்ந்து வந்தாங்க டாக்டர். மருந்தில மூணு கிடக்கிறதைப் பார்த்துட்டுப் பதறிப்போய்..."

பரிந்து பேசுகிறாள்! எனக்கு இவள் பரிந்து பேசுகிறாள்! எழுத்தும் இவளுக்கு நல்லது, கைப்பக்குவமும் இவளுக்கு நல்லது, இப்போது மனசும் இவளுக்குத்தான் நல்லதா? மூத்தவளால் அதை மட்டும் தாங்க முடியவில்லை. அவள் உண்மையைச் சொன்னது நல்ல குணத்தால் அல்ல, வயிற்றெரிச்சலால்தான்.

"பொய் சொல்லாத" என்றாள் சின்னவளிடம். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "ஒரு மணிக்கே பார்த்தேன் டாக்டர். கண்ணாடி வழியா."

"மணி இப்ப அஞ்சு முப்பத்தஞ்சு."

"ஆமா."

"இவங்க என்கிட்ட சொல்லாம இருந்திருந்தா? நீங்க கடையிலேர்ந்து வர லேட்டாயிருந்தா?"

கடைவீதியில் சுற்றிய நேரம் முழுக்க அந்தக் கேள்வி அவளுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. பேருந்து நின்றுபோயிருந்தால்? ஒரே ஒரு சிக்னல் கூடுதலாக விழுந்திருந்தால்? பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட ஈரத்தோடு ஒரு கருவியை அவள் தொட்டியில் போட்டதில்லை. இன்று ஒரு மனுஷனின் வாயையே பந்தயம் வைத்துவிட்டு, கடை கடையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முதல் தடவையாக அவளுக்குத் தன்னைக் கண்டே பயமாக இருந்தது.

டாக்டரம்மா வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. சாவியைச் சின்னவள் கையில் வைத்தார். பதிவேட்டை மூத்தவள் பக்கம் நகர்த்தினார். "நடந்ததை எழுதுங்க."

மூத்தவள் எழுதினாள். முத்து முத்தான வரிகளுக்குக் கீழே, கோழி கிளறினாற்போல: '1.05க்குப் பார்த்தேன். சொல்லவில்லை.' இந்த ஒரு வரியை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

மறுநாள் காலை ஓரகத்திகள் இருவரும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் மடியில் பை, பைக்குள் சாவி. பேருந்து குலுங்கும்போதெல்லாம் சாவி சத்தம் போட்டது. அது வேண்டுமென்றே சத்தம் போடுவதாக மூத்தவளுக்குத் தோன்றியது.

கண்டக்டர் வந்தார். கன்னம் நேற்றைவிட வீங்கியிருந்தது. கடைசி சீட்டை எழுப்புகிற குரலைக் காணோம். மூத்தவளைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார்.

"உங்க ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டேன்மா. வலிச்சுச் செத்தாலும் சரி. எதை எதில போட்டு எடுக்கறீங்களோ, யாருக்குத் தெரியும்?"

முன்னால் இருந்த நாலைந்து தலைகள் திரும்பின. இந்த மனுஷன் இந்தப் பேருந்தில் தினமும் ஆயிரம் பேரிடம் இதைச் சொல்லுவார். பல் அழுகி, கன்னம் வீங்கி, காய்ச்சலில் விழுவார். அப்போதும் வர மாட்டார். மூத்தவள் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பது எப்படி என்று அவளுக்கு நேற்றே தெரியும்.

"அண்ணே" என்றாள். கொஞ்சம் சத்தமாகவே. "நேத்து கருவியில தப்பு இல்ல. வெந்த இரும்பு, சுத்தமானது. தப்பு என் மேல. இவ மேல இருந்த கடுப்புல கத்திட்டேன்."

கண்டக்டர் விசிலை வாயருகில் வைத்துக்கொண்டு, ஊதாமல் நின்றார்.

"அப்ப இனிமே யாரு பார்த்துக்கறாங்க அதெல்லாம்?"

பதினோரு வருஷம் 'நான்தான்' என்று சொல்லிய வாய் மூத்தவளுடையது. இன்னொரு பெயரைச் சொல்ல அதற்குப் பழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவளின் பக்கம் கையைக் காட்டினாள்.

"இவதான். இவ பார்த்துக்கறதா இருந்தா என் வாயையே திறந்து காட்டுவேன், பயமே இல்லாம. பிளாஸ்டிக் ஜோடி இப்ப ரெடியா இருக்கு. சாயந்திரம் வாங்க."

கண்டக்டர் கன்னத்தைத் தடவினார். சின்னவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பொண்ணு இருந்தா வரேன்" என்றார். விசிலை ஊதிவிட்டு முன்னால் போனார்.

இந்தப் பொண்ணு! நேற்று முளைத்த இந்தப் பொண்ணு! வயிறு எரிந்தது, குறையாமல், அப்படியே. சின்னவள் மெதுவாகத் திரும்பி, "அக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அழுது தொலைக்காத" என்றாள் மூத்தவள். பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்து அவள் மடியில் போட்டாள். "சிலேட்டையும் இனிமே நீயே எழுது."